சீசனுக்கு முதல் ஒரு சீவி

மார்ச் 3

திருகோணமலையில் நிலாவெளி, உப்புவெளிக் கடற்கரைப் பக்கம் சுற்றுலா சீசன் வரப்போகிறது, ஹோட்டல்காரர் இப்போதே ஆள் தேடுகிறார்கள். ரிசப்ஷனுக்குப் போட்டுப் பார் என்றாள் அக்கா. சரி, சீவி, அதாவது சுயவிபரக் கோவை? டவுனில் ஒரு கொமியூனிகேஷன் கடையில் ரெடிமேடாக ஒன்று வைத்திருக்கிறார்கள், பெயரை மாற்றினால் போதுமாம். முழுப்பெயர், அப்பா பெயர், சமயம், பால், வயது, கலியாணமானவரா, அடையாள அட்டை இலக்கம் என்று முதல் பக்கம் முடிந்துவிட்டது, எனக்கு என்ன தெரியும் என்று ஒரு வரி இல்லை. கலியாணத் தரகரிடம் கொடுக்கத்தான் சரி.

மார்ச் 4

அக்கா பாதியை அழித்துவிட்டாள். அடையாள அட்டை இலக்கமும் போச்சு. 12 இலக்க அட்டையில் முதல் 4 பிறந்த ஆண்டு, அடுத்த 3 அந்த ஆண்டின் எத்தனையாவது நாள், பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். இதைப் பல கைக்குப் போகும் தாளில் ஏன் போட வேண்டும், வேலை கிடைத்தபின் கேட்டால் கொடுக்கலாம்.

மார்ச் 6

அனுபவம் என்ற இடத்தில் 'இல்லை' என்று அடிக்கச் சொன்னார் கடை அண்ணா. எப்படி இல்லை? சீசன் நேரம் மாமியின் கெஸ்ட் ஹவுஸில் புக்கிங் கொப்பி என் கையில்தான். கொழும்பிலிருந்து வரும் குடும்பங்களோடு சிங்களத்தில் பேசுவேன், புறாத்தீவுக்குப் படகு பிடித்துக் கொடுப்பேன். அது தேசியப் பூங்கா, டிக்கெட் தனி, படகுக் காசு தனி என்று வெயிலில் நிற்கிற ஆளுக்குச் சண்டை வராமல் விளங்கப்படுத்துவது சும்மா வேலையா? சம்பளம் வாங்காத வேலையும் வேலைதான் என்று அதைப் பரீட்சைப் பெறுபேறுகளுக்கு மேலே போட்டேன். உயர்தரம் வர்த்தகப் பிரிவு ஒரே வரியில் முடிந்தது.

மார்ச் 8

என்னைப் பற்றி ஹோட்டல்காரர் விசாரிக்க உறவினரல்லாத இருவரின் பெயர் வேண்டும், அதனால் மாமி சரிவரமாட்டார். கணக்கியல் சேரையும் படகு அண்ணாவையும் கேட்டேன். சொல்லாமல் பெயரைப் போட்டால், ஹோட்டலில் இருந்து கோல் வரும்போது "யார் பிள்ளை அது?" என்பார்கள். சேர் உடனே சரி என்றார், படகு அண்ணாதான் இங்கிலீஷில் கேட்பார்களோ என்று பயந்தார்.

மார்ச் 9

கடைசியில் வரும் 'மேற்கூறியவை யாவும் உண்மை' என்ற வரியை எடுக்கலாம் என்கிறாள் அக்கா. அது இல்லாமல் என்ன சீவி என்கிறார் அம்மா. அம்மா பக்கம் நின்றேன். பிடிஎஃப் ஆக்கி, கோப்புக்கு என் பெயரையே வைத்து, இரவே அனுப்பியாச்சு.