டம்டம் தட்டுகளும் நம்ம ஊர் ஈரமும்

ராக் எல்.பி., அதாவது அந்தக் காலத்துப் பெரிய இசைத்தட்டு, தேடி நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் எந்த வீட்டுப் பெட்டியைத் திறந்தாலும் முதலில் கைக்கு வருவது ஜிம் ரீவ்ஸ்தான். அப்புறம் கிளிஃப் ரிச்சர்ட், போனி எம், கிறிஸ்துமஸ் பாட்டுகள், நடுவில் ஏசுதாஸின் மலையாளத் தட்டுகள். இதையெல்லாம் தாண்டி அடியில் போனால்தான் பீட்டில்ஸோ பிங்க் ஃபிளாய்டோ தலை காட்டும். சர்ச் பாடகர் குழுவில் கிட்டார் வாசித்த பையன்கள், கப்பலில் வேலை பார்த்தவர்கள், வளைகுடாவிலிருந்து லீவுக்கு வந்தவர்கள், இவர்கள் கை வழியாகத்தான் இந்த மாவட்டத்துக்குள் ராக் இசை வந்திருக்கிறது என்பது நான் பார்த்த பெட்டிகளிலிருந்து எனக்குத் தெரிந்தது.

இணையத்தில் தட்டு வாங்குகிறவர்கள் பலரும் இங்கிலாந்தில் அடித்த அச்சு, ஜப்பானில் அடித்த அச்சு என்றுதான் அலைகிறார்கள். இந்திய அச்சு என்றாலே கை விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. கல்கத்தாவுக்குப் பக்கத்தில் டம்டம்மில் கிராமபோன் கம்பெனி ஆஃப் இந்தியாவின் தொழிற்சாலை இருந்தது, 1928 முதல் அங்கே தட்டு அடித்தார்கள், எச்.எம்.வி. நாய் படம் போட்ட நம்ம சினிமாப் பாட்டுத் தட்டுகள் வந்த அதே இடம்தான். பீட்டில்ஸ் தட்டுகளும் அங்கே அடிக்கப்பட்டன. தட்டின் கடைசி வரிக்கும் நடு லேபிளுக்கும் இடையில் வழவழவென்று ஒரு வளையம் இருக்கும் பாருங்கள், அதை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் சின்ன எழுத்தில் எண்கள் பொறித்திருக்கும், சில இந்தியத் தட்டுகளில் இங்கிலாந்துத் தட்டில் உள்ள அதே எண்கள் இருக்கும், அதாவது இரண்டும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை. அட்டை மெலிசு, அது உண்மைதான். ஆனால் நாம் கேட்கப் போவது அட்டையை இல்லையே.

பழைய தட்டு வாங்கும்போது நான் அட்டையைக் கடைசியாகத்தான் பார்ப்பேன். முதலில் நடு ஓட்டை. அதைச் சுற்றி லேபிளில் கிறுக்கின மாதிரி மெல்லிய கோடுகள் நிறைய இருந்தால், தட்டை மாட்டும்போது பிளேயரின் நடுக்கம்பி ஓட்டையைத் தேடித் தேடி உரசிய கோடுகள் அவை, அந்த வீட்டில் அது ஓடு ஓடு என்று ஓடியிருக்கிறது என்று அர்த்தம். அடுத்து வெயிலுக்கு நேரே சாய்த்து மேற்பரப்பைப் பார்க்க வேண்டும். நகத்துக்குத் தட்டுப்படாத கோடு பெரும்பாலும் சத்தம் போடாது, நகம் தடுக்கினால் யோசிக்க வேண்டும். கறுப்பு போய்ச் சாம்பல் பூத்த மாதிரி இருந்தால் வாங்கவே வேண்டாம், கனத்த முள் வைத்த பழைய ரேடியோகிராமில் (ரேடியோவும் பிளேயரும் சேர்ந்த பெட்டி) தேய்ந்த தட்டு அது, எவ்வளவு கழுவினாலும் திரும்பி வராது.

இந்தத் தேய்மானம் முதலில் தெரிவது ஒவ்வொரு பக்கத்தின் கடைசிப் பாட்டில்தான். எல்.பி. நிமிடத்துக்கு 33⅓ சுற்று, சுற்றும் வேகம் மாறாது, ஆனால் வெளி ஓரத்தில் முள்ளுக்கடியில் விநாடிக்கு 50 செ.மீ. அளவுக்கு ஓடுகிற பள்ளம், லேபிள் பக்கம் வரும்போது 20 செ.மீ. அளவுக்குக் குறைந்துவிடுகிறது, அதே இசையைக் குறைந்த இடத்தில் நெருக்கி வைக்க வேண்டியிருக்கிறது. 1969-ல் வந்த பீட்டில்ஸின் ஆபி ரோடு தட்டின் இரண்டாம் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள், பாட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டியே ஓடி, டிரம்ஸும் மூன்று பேர் மாறி மாறி வாசிக்கிற கிட்டாரும் உச்சத்துக்குப் போவது சரியாக அந்த நெருக்கமான இடத்தில்தான். அதனால் அந்தத் தட்டைப் போட்டுப் பார்க்க விட்டார்கள் என்றால் நான் முள்ளை நேராக அங்கேதான் வைப்பேன். 1973-ல் வந்த பிங்க் ஃபிளாய்டின் தி டார்க் சைடு ஆஃப் தி மூன் என்றால் தலைகீழ், ஆரம்பத்திலேயே வைக்க வேண்டும், இதயத்துடிப்பு மெதுவாக எழும்பி வரும் இடத்தில் கடுகு வெடிக்கிற மாதிரி சத்தம் கேட்டால் விலையைக் குறைத்துக் கேட்கலாம்.

நம்ம ஊரில் தட்டுக்குப் பெரிய எதிரி கீறல் இல்லை, ஈரம். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் நமக்கு உண்டு, இடையில் கடற்காற்று வேறு. அட்டையில் பூஞ்சை பிடிக்கும், ராமபாணப் பூச்சி அரிக்கும், மச்சில் போட்டு வைத்தால் மிச்சத்தைக் கறையான் பார்த்துக்கொள்ளும். குளச்சல் பக்கம் கப்பலில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு மாமா, "மழ விட்டதும் எல்லாத்தயும் மாடியில வெயில் கொள்ள வைப்பேன் மக்களே" என்றார். "அட்டைய மட்டும் காய வையுங்க மாமா, தட்டுக்கு வெயில் ஆகாது, வளஞ்சிரும்" என்று சொல்லி, எல்லாவற்றையும் சுவரை ஒட்டாத ஓர் அலமாரியில் நெட்டுக்குத்தாக நிறுத்தி வைத்துவிட்டு வந்தேன். படுக்க வைத்து அடுக்கினால் அடியில் இருப்பது பாரத்தில் கெட்டுப்போகும்.

கழுவுவதற்கு பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர் போதும், அதில் பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு. மெல்லிய மைக்ரோஃபைபர் துணியால் பள்ளத்தின் போக்கிலேயே வட்டமாகத் துடைக்க வேண்டும், லேபிளில் தண்ணீர் படக் கூடாது, பிறகு வெறும் டிஸ்டில்டு வாட்டரால் இன்னொரு தடவை. பழைய 78 சுற்றுத் தட்டில் மட்டும் ஸ்பிரிட் படவே கூடாது. அது வினைல் இல்லை, அரக்கு. ஆசாரிமார் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத்தானே மரத்துக்கு பாலிஷ் போடுகிறார்கள், அதே கதிதான் தட்டுக்கும்.

இப்போது நான் தேடிக்கொண்டிருப்பது சிம்லா பீட் தட்டுகளை. 1970-ல் ஒன்று, 1971-ல் ஒன்று, சிம்லா சிகரெட் பெயரில் நடந்த போட்டியில் வாசித்த இந்திய இளைஞர் குழுக்களின் ராக் பாட்டுகள் அவை. வெளிநாட்டில் மறுபதிப்புகூட வந்துவிட்டது, எனக்கு வேண்டியது அந்தக் காலத்து அச்சு. தக்கலையிலோ கொல்லங்கோட்டிலோ யார் வீட்டு மச்சிலாவது கிடக்கும் என்றுதான் இன்னும் நம்புகிறேன். கிடைத்தால் விலைக்குத் தர வேண்டும் என்றுகூட இல்லை, ஒரு சாயங்காலம் போட்டுக் கேட்க விட்டால் போதும், பிளேயரை நானே தூக்கிக்கொண்டு வருகிறேன்.