17 நாள், ஒரு ஃபிளாட்: இந்தி த்ரில்லருக்கு சிங்க் சவுண்ட் எடுத்த அனுபவம்

"டப்பிங்குக்குக் காசு இல்லை. ஸ்பாட்லயே எடுத்துக் கொடுத்துடுவீங்களா?" அந்த இயக்குநர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான். நடிக்கும்போதே வசனத்தையும் ஸ்பாட்டில் பதிவு செய்துவிடுவதைத்தான் சிங்க் சவுண்ட் என்கிறோம். அவருக்கு முதல் படம். அதற்கு முன் ஒன்பது வருஷம் விளம்பரப் படங்களில் உதவி இயக்குநர். நான் தரமணியில் ஒலிப்பதிவு படித்துவிட்டு மும்பைக்கு வந்து எட்டு வருஷம் ஆகியிருந்தது. மொத்தப் பட்ஜெட் அறுபது லட்சம், 17 நாள் ஷூட்டிங். சவுண்டுக்கு நானும், பூம் (நீளக் கம்பி நுனியில் மாட்டிய மைக்) பிடிக்க ஒரு பையனும்.

கதை இதுதான்: செம்பூரில் ஒரு பழைய கட்டடம். மூன்றாம் மாடியில் தனியாக இருக்கும் நர்ஸ். மேல் வீடு பூட்டிக் கிடக்கிறது, ஆனால் ராத்திரியில் யாரோ நடக்கிற சத்தம் கேட்கிறது. ஸ்கிரிப்டைப் படித்ததும் எனக்குத் தோன்றியது, இந்தப் படத்தில் ஆளை விடச் சத்தம்தான் அதிகம் நடிக்கப்போகிறது என்று. கதாநாயகி பாதிப் படம் கிசுகிசுத்துத்தான் பேசுகிறாள். கிசுகிசுப்பை ஸ்டுடியோவில் டப் செய்தால் அதில் பயம் இருக்காது, மூச்சு மட்டும்தான் இருக்கும்.

இந்தி சினிமா ரொம்ப காலம் டப்பிங்கை நம்பியே ஓடியது. ஆரி 2சி மாதிரியான கேமராக்கள் ஓடும்போது தையல் மெஷின் கணக்காகச் சத்தம் போடும். 2001இல் 'லகான்' வந்த பிறகுதான் பெரிய படக்காரர்கள் சிங்க் சவுண்ட் பக்கம் திரும்பினார்கள். அந்தப் படத்தின் ஒலிக்கான தேசிய விருதை நகுல் காம்தேயுடன் பகிர்ந்துகொண்டவர் நம் சென்னை எச். ஸ்ரீதர். அவர்களுக்கு இருந்த வசதியில் நூறில் ஒரு பங்குகூட எங்களுக்கு இல்லை. காதை மட்டும் நம்பி இறங்கினோம்.

ஷூட்டிங்குக்கு ஒரு வாரம் முன்பு அந்த ஃபிளாட்டில் ஒரு நாள் முழுக்கத் தனியாக உட்கார்ந்தேன். கையில் ஒரு நோட்டு, பக்கத்தில் ரெக்கார்டர். ஹார்பர் லைன் ரயில் ராத்திரி ஒன்றரை வாக்கில் ஓய்கிறது, நாலு மணிக்கெல்லாம் திரும்ப ஆரம்பிக்கிறது. ஐந்தே முக்காலுக்குத் தண்ணீர் பம்ப். ஆறரைக்குப் பால்காரர். ஏழிலிருந்து எட்டரை வரை கட்டடம் முழுக்க குக்கர் விசில். பதினொன்றிலிருந்து ஒரு மணி வரை அமைதி. சாயங்காலம் நாலு மணிக்கு, கீழே தெருவில் பிள்ளைகள் கிரிக்கெட். இப்படி இரண்டு பக்கம் எழுதி இயக்குநரிடம் கொடுத்தேன். அவர் அதை உதவி இயக்குநரின் ஷெட்யூலுக்குப் பக்கத்தில் ஒட்டினார். கிசுகிசுப்புக் காட்சிகள் எல்லாம் பதினொன்றுக்கும் ஒன்றுக்கும் நடுவில், இல்லாவிட்டால் ரயில் ஓய்ந்த பிறகு. ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டி விட்டால் பகலும் இரவுதானே. முதல் பட இயக்குநர் ஒருவர் வெளிச்சத்தை விட்டுவிட்டுச் சத்தத்தை வைத்து ஷெட்யூல் போட்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன். அந்த மரியாதைக்காகவே உயிரைக் கொடுத்து வேலை செய்தேன்.

மே மாத வெயில். டேக் ஓடும்போது ஃபேன் கிடையாது, ஃபிரிட்ஜும் ஆஃப். ஃபிரிட்ஜை அணைத்த உடனே என் பைக் சாவியை அதற்குள் போட்டுவிடுவேன். அன்றைய ஷூட்டிங் முடிந்து பேக்கப் ஆனதும் சாவியைத் தேடும்போது ஃபிரிட்ஜைத் திரும்பப் போட ஞாபகம் வந்துவிடும். வீட்டுக்காரரின் சாமான் கெட்டுப்போகக் கூடாது இல்லையா.

எதிர்பாராத தலைவலி நர்ஸ் யூனிஃபார்ம். கஞ்சி போட்ட துணி. உள்ளே லேப்பல் மைக்கை (துணிக்குள் மறைத்து வைக்கும் சின்ன மைக்) ஒட்டினால், கதாநாயகி கையைத் தூக்கும் ஒவ்வொரு தடவையும் காகிதம் கசக்குகிற மாதிரி சரசரப்பு. யூனிஃபார்ம் இரண்டையும் வாங்கிப் போய் நாலு தடவை வெந்நீரில் அலசிக் காயவைத்தோம். மைக்கை மருந்துக்கடைப் பிளாஸ்திரியில் முக்கோணமாக மடித்து ஒட்டினேன். மூன்றாம் நாளிலிருந்து சரசரப்பு போய்விட்டது.

எட்டாம் நாள் ஒரு நல்ல டேக் கெட்டது. கதாநாயகி போனில் தன் அண்ணனிடம் "மேலே யாரோ இருக்காங்க" என்று சொல்லும் இடம். கண்ணில் நீர் தளும்ப அவர் சொல்லி முடிக்கும் அதே நொடியில் தெருவில் ஒரு ரிக்‌ஷா ஹாரன். "டப்பிங்ல பார்த்துக்கலாம்" என்றது தயாரிப்புத் தரப்பு. எனக்கு மனசு ஆறவில்லை. ஐந்து நிமிஷம் கேட்டு வாங்கினேன். கேமரா இல்லாமல், அதே அறையில், அதே இடத்தில் அவரை நிற்கவைத்து, அதே மைக்கில் அந்த வரியை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லவைத்தேன். வைல்ட் டிராக் என்று சொல்வோம். அவர் இன்னும் அந்த அழுகையிலேயே இருந்தார். மூன்றாவது தடவை சொன்னது உதட்டசைவோடு அப்படியே உட்கார்ந்துவிட்டது. அரை மணி கழித்துக் கேட்டிருந்தால் கிடைத்திருக்காது.

பம்புக்கு வருகிறேன். விடியற்காலைக் காட்சி ஒன்றை விடியற்காலையிலேயே எடுத்தாக வேண்டும், ஜன்னல் வெளிச்சம் அப்படி. ஆனால் பம்ப் ஓடும்போது சுவரே ரீங்காரம் இடும். நிறுத்தச் சொல்ல முடியாது, முழுக் கட்டடத்துக்கும் தண்ணீர் ஏற வேண்டும். இயக்குநரைக் கூட்டிப்போய்ச் சுவரில் காதை வைக்கச் சொன்னேன். சரியாக அப்போது பம்ப் நின்றது. அதுவரை இருந்ததே தெரியாத சத்தம், நின்றதும் அறையே காலியான மாதிரி இருந்தது. அவர் காதை எடுக்காமலே ரொம்ப நேரம் நின்றார். "அவளும் இதைக் கேட்கட்டும்" என்றார். அன்று ராத்திரியே காட்சியை மாற்றி எழுதினார். பம்ப் ஓடுகிறது, அவள் பல் தேய்க்கிறாள், பம்ப் நிற்கிறது, தலைக்கு மேல் ஒரே ஒரு காலடி. படத்தில் எனக்குப் பிடித்த இடம் அதுதான்.

அந்தக் காலடியை ஸ்டுடியோவில் எடுக்க எனக்கு இஷ்டமில்லை. கான்கிரீட் வழியாக இறங்கிவரும் சத்தத்தில் ஒரு மந்தம் இருக்கிறது. நிஜ மேல் வீட்டில் எழுபது தாண்டிய ஒரு பாலக்காட்டு மாமி. பூம் பையனை அங்கே அனுப்பி வெறுங்காலில், செருப்பில், ஷூவில் என்று நடக்கவிட்டுக் கீழே மைக் வைத்துப் பதிவு செய்தேன். ஒரு மணி நேரம் கழித்து மாமி படியிறங்கி வந்தார். "ஏண்டாப்பா, அந்தக் குழந்தையை எத்தனை நேரம் நடக்க விடுவே? காபி கலந்து வெச்சிருக்கேன், ஆறிடும்." அவர் திரும்பி ஏறிப்போன காலடியும் பதிவாகியிருந்தது. படத்தில் இருப்பது அதுதான். மாமியிடம் கேட்டுவிட்டுத்தான் சேர்த்தோம்.

எல்லாச் சத்தத்தையும் ஒன்றாகக் கலக்கும் மிக்ஸிங் தியேட்டருக்கு நாலு ஷிஃப்ட்தான் காசு. வசனத்தைச் சுத்தம் செய்வது, ரூம் டோன் நிரப்புவது எல்லாம் வீட்டிலேயே ஹெட்போனில் ஐந்து வாரம். ஒவ்வொரு இடத்திலும் ஒரு நிமிஷம் எல்லாரையும் அசையாமல் நிற்கவைத்து எடுத்த வெற்று அறைச் சத்தம் அப்போதுதான் கைகொடுத்தது. 5.1 மிக்ஸை (பார்வையாளரைச் சுற்றிலும் ஸ்பீக்கர் இருக்கும் தியேட்டருக்கானது) டிசிபி, அதாவது தியேட்டரில் ஓட்டும் டிஜிட்டல் பிரதி ஆக்கி, ஒரு மல்டிபிளெக்ஸில் காலை எட்டு மணிக்குப் போட்டுப் பார்த்தோம். ஏசி ஓடிய ஓட்டத்தில் பாதிக் கிசுகிசுப்பு காணாமல் போனது. மிக்ஸ் செய்யும்போது ஃபேடரை, அதாவது தியேட்டரின் சத்த அளவை, ஏழில் வைப்பதுதான் கணக்கு. தியேட்டர்களில் சத்தம் ஜாஸ்தி என்று புகார் வரும் என்பதால் ஐந்து, நாலரை என்று இறக்கி வைக்கிறார்கள். திரும்பப் போய் வசனத்தை மட்டும் மூன்று டெசிபல் ஏற்றினேன், பம்பையும் காலடியையும் தொடவில்லை.

வெளியான அன்று அந்தேரியில் முதல் காட்சிக்குப் போனேன். ஆரம்பிக்கும் முன் புரொஜெக்‌ஷன் அறையில் பார்த்தால் ஃபேடர் ஐந்தில் இருந்தது. ஏழு வைக்க முடியுமா என்று கேட்டேன். ஆபரேட்டர் என்னையும் திரையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஆறு வரை ஏற்றினார். கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன். "மேலே யாரோ இருக்காங்க." அங்கே வரைக்கும் கேட்டது.