வைட்டமின் டி ஏறியது, சர்க்கரை அசையவில்லை

எனக்குச் சர்க்கரை வந்து ஆறு வருடம் ஆகிறது. மெட்பார்மின் என்ற சர்க்கரை மாத்திரை காலை ஒன்று, இரவு ஒன்று. 7.4 என்று நின்றுகொண்டிருந்த எச்பிஏ1சி, அதாவது கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் அளவு, ஒரு பரிசோதனையில் 8.1 என்று வந்தது. அதே சமயத்தில் இடுப்பிலும் தொடையிலும் வலி. மாடிப்படி ஏற கைப்பிடியைப் பிடித்து உடம்பை மேலே இழுக்க வேண்டியிருந்தது. எல்லாம் சர்க்கரை செய்கிற வேலை என்று நானே முடிவு கட்டிவிட்டேன். மருத்துவர் கேட்டுவிட்டு, வைட்டமின் டி, பி12 இரண்டையும் பார்த்துவிடலாம் என்றார். மெட்பார்மினை நெடுநாள் சாப்பிட்டால் பி12 குறையலாம் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

பி12 சரியாக இருந்தது. வைட்டமின் டி மில்லிலிட்டருக்கு 11 நானோகிராம். 20க்குக் கீழே போனாலே பற்றாக்குறை என்கிறார்கள். உண்மையைச் சொன்னால், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. திருடன் அகப்பட்டுவிட்டான் அல்லவா! அன்றிரவே உட்கார்ந்து படித்தேன். கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களில் வைட்டமின் டி வந்து ஒட்டி வேலை செய்யும் இடங்கள், ஏற்பிகள், இருக்கின்றன. அது குறைவாக உள்ளவர்களிடம் சர்க்கரை நோய் அதிகம் காணப்படுகிறது. போதாதா? இதைச் சரிசெய்தால் மாத்திரையையே குறைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

மருத்துவர் அந்தக் கணக்கை அப்படியே கலைத்தார். எடை கூடி, வெயில் படாமல், உட்கார்ந்தே இருக்கும் ஆளுக்கு இரண்டும் சேர்ந்து வரும். அதனால் ஒன்றுதான் இன்னொன்றுக்குக் காரணம் என்று ஆகிவிடாது என்றார். 2019இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வைப் பற்றியும் சொன்னார். சர்க்கரை கூடியும் இன்னும் நோய் என்று ஆகாத எல்லையில் நின்ற 2,423 பேரில் ஒரு பாதிக்கு தினமும் 4,000 யூனிட் வைட்டமின் டி, மறு பாதிக்கு வெறும் போலி மாத்திரை. சுமார் இரண்டரை வருடம் கழித்துப் பார்த்தால், சர்க்கரை நோய் வந்தவர்களின் எண்ணிக்கையில் உறுதியாகச் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. பிற்பாடு இதையும் வேறு இரண்டு ஆய்வுகளையும் சேர்த்து அலசியபோது எல்லையில் இருப்பவர்களுக்குச் சிறு பலன் தெரிந்திருக்கிறது. நான்தான் எல்லையைத் தாண்டி ஆறு வருடம் ஆகிவிட்டதே.

சரி, பற்றாக்குறை பற்றாக்குறைதான் என்று வாரம் ஒரு பாக்கெட் வைட்டமின் டி தூள், 60,000 யூனிட், எட்டு வாரத்துக்கு எழுதிக் கொடுத்தார். முதல் இரண்டு வாரம் வெறும் வயிற்றில் குடித்தேன். இது கொழுப்பில் கரைவது, சாப்பாட்டோடு எடுத்தால்தான் நன்றாக உடம்பில் சேரும் என்று அப்புறம் தெரிந்தது. வெயிலுக்கென்று ஜன்னல் ஓரமாக நாற்காலியைப் போட்டு உட்கார்ந்ததும் வீண். தோலில் வைட்டமின் டி உண்டாக்கும் புறஊதாக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். ஒரு மாதம் எனக்குக் கிடைத்தது வெறும் சூடு.

மூன்றாம் மாத முடிவு: வைட்டமின் டி 34, எச்பிஏ1சி 7.9. இந்தச் சின்ன இறக்கத்தை இறக்கமென்றே எண்ண வேண்டாம் என்றார் மருத்துவர். ஆனால் வலி போயிருந்தது. கைப்பிடி இல்லாமல் படி ஏறினேன். நடக்க முடிகிறதே என்று தினமும் நாற்பது நிமிடம் நடக்க ஆரம்பித்தேன், இரவுச் சாப்பாட்டையும் பாதியாக்கினேன். அடுத்த பரிசோதனையில் 7.1. இதில் வைட்டமினுக்குப் பங்கு உண்டா என்றால், என் காலை எனக்குத் திருப்பிக் கொடுத்தது. அவ்வளவுதான் என்று நினைக்கிறேன்.

இடையில் ஒரு முட்டாள்தனமும் செய்தேன். எட்டு வாரம் முடிந்தும் யாரையும் கேட்காமல் பாக்கெட்டைத் தொடர்ந்தேன். வைட்டமின் டி 68 என்று வந்ததும் மருத்துவருக்குக் கோபம். உடனே கால்சியம் பார்க்கச் சொன்னார். நல்லவேளை, சரியாக இருந்தது. இது அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறும், தாகம் எடுக்கும், அடிக்கடி சிறுநீர் போகும். சர்க்கரைக்காரன் அதைச் சர்க்கரை என்றே நினைத்துக்கொண்டிருப்பான், சிறுநீரகம் கெட்டுப்போகும் என்றார்.

இப்போது தினமும் 1,000 யூனிட் மாத்திரை, மதியச் சாப்பாட்டோடு. மெட்பார்மின் அதே இரண்டுதான். மீந்த பாக்கெட்டுகளை மனைவி எங்கோ ஒளித்து வைத்திருக்கிறாள். நானும் கேட்கவில்லை.