பேட்டரிக்கு ஓர் இடம்: காங்கேயத்துக் கோடைக் குறிப்புகள்

ஏப்ரல் 25, 2025, வெள்ளி

நேற்று மாலை சூறைக்காற்றோடு கோடை மழை. பக்கத்துத் தோப்பில் ஒரு தென்னை மின்கம்பியின்மேல் சாய்ந்துவிட்டது. இன்று மதியம் வரை கரண்ட் இல்லை. மழை தூசியைக் கழுவிவிட்டதால் மொட்டைமாடியில் சோலார் தகடுகள் வெயிலில் மின்னுகின்றன. கீழே ஒரு மின்விசிறிகூடச் சுற்றவில்லை. "மூன்று கிலோவாட் போட்டு என்ன கண்ணு பிரயோசனம்?" என்றார் மாமா.

கேள்வி நியாயமானது. தகட்டு மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றதாக மாற்றுவது இன்வெர்ட்டர். மின்வாரியக் கம்பியோடு இணைந்த இன்வெர்ட்டர், கம்பியில் மின்சாரம் நின்றதும் தானும் நின்றாக வேண்டும். இல்லையென்றால் நம் மாடியிலிருந்து போகும் மின்சாரம் கம்பத்தில் வேலை செய்பவரைத் தாக்கிவிடும். மத்திய அரசின் 78,000 ரூபாய் மானியமும் தகடுகளுக்குத்தான், பேட்டரிக்கு இல்லை. உபரி யூனிட்டை வாரியம் கணக்கில் வைத்துக்கொண்டு பில்லில் கழித்துவிடுவதால் பேட்டரி வாங்கிப் பில்லைக் குறைக்கலாம் என்பதும் வீண் கனவு. கரண்ட் போனால் இருட்டில் வியர்த்துக்கொண்டு உட்காராமல் இருப்பதற்கு மட்டுமே பேட்டரிச் செலவு.

ஏப்ரல் 28, திங்கள்

இரவுக்கு என்ன தேவை என்று எழுதிப் பார்த்தேன். பழைய மின்விசிறி ஒன்று 75 வாட். நான்கு ஓடினால் எட்டு மணி நேரத்தில் 2.4 யூனிட் போய்விடும். குறைந்த மின்சாரத்தில் ஓடும் பிஎல்டிசி விசிறியாக மாற்றினால் தலைக்கு 30 வாட்தான். மொத்தம் ஒரு யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு. பேட்டரி வாங்குமுன் விசிறியை மாற்றுவதே முதல் வேலை. குளிர்பதனப்பெட்டி, விளக்குகள், இணையப் பெட்டி எல்லாம் சேர்ந்தாலும் ஓர் இரவுக்கு மூன்று யூனிட் தாண்டாது.

கிணற்று மோட்டாரையும் சேர்க்க வேண்டும் என்கிறார் மாமா. ஒரு குதிரைசக்தி என்றால் 746 வாட்தானே என்று தோன்றும். ஆனால் கிளம்பும் நொடியில் அது பல மடங்கு மின்சாரத்தை இழுக்கும். கரண்ட் இருக்கும்போதே மேல்தொட்டியை நிரப்பிவிட்டால் போதாதா?

மே 5, திங்கள்

நேற்று அக்னி நட்சத்திரம் தொடங்கியது. ஈரோடு, கரூர் பரமத்தி என்ற பெயர்கள் வானிலைச் செய்தியில் அடிபடாத சித்திரை கிடையாது. நாங்கள் இரண்டுக்கும் பக்கத்தில் வேகிறோம்.

ஈரோட்டில் ஒரு கடைக்குப் போனோம். டியூபுலர் என்னும் ஈயப் பேட்டரியைக் காட்டி "காலங்காலமாக ஓடுகிற சரக்கு" என்றார் கடைக்காரர். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரிகள் நான்கு வைத்தால் காகிதத்தில் 7.2 யூனிட். ஈயப் பேட்டரியைப் பாதிக்குமேல் இறக்கினால் ஆயுள் குறையும் என்பதால் கையில் கிடைப்பது 3.6. வெயில் காலத்தில் டிஸ்டில்ட் வாட்டர் வற்றிக்கொண்டே இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, 25 டிகிரிக்குமேல் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். 25 டிகிரியை நாங்கள் மார்கழியில்தான் பார்க்கிறோம்.

லித்தியம் பேட்டரியிலும் எல்லாம் ஒன்றல்ல. லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையைத்தான் கேட்டோம். நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் கலந்த வகையைவிட அது அதிக வெப்பம் தாங்கும். எளிதில் ஆக்சிஜனை வெளிவிட்டுத் தீயை வளர்க்காது. 51.2 வோல்ட், 100 ஆம்பியர்-மணி என்றால் 5.12 யூனிட்; அதில் நாலரை வரை தாராளமாக எடுக்கலாம்.

மே 9, வெள்ளி

எங்கே வைப்பது? மின்பணியாளர் மாடிப் படிக்கட்டு அறையைக் காட்டினார். ஒயர் செலவு மிச்சமாம். பிற்பகல் மூன்று மணிக்கு அங்கே வெப்பமானியைத் தொங்கவிட்டேன்: 45. தகரக் கொட்டகையில் அதற்கும் மேலே. பழைய ஓட்டுவீட்டு ஆசாரத்தின் (கூடத்தின்) வடக்குச் சுவரில் 35. மண்ணும் ஓடும் இன்னும் வேலை செய்கின்றன. பேட்டரி ஐம்பது கிலோ இருக்கும். தரையோடு தாங்கி வைத்தால் சுவர் பிழைக்கும்.

"ஐபி 65, வெளியிலேயே வைக்கலாம்" என்று விற்பவர்கள் சொல்கிறார்கள். அந்த எண் தூசிக்கும் தண்ணீர்ப் பீச்சலுக்கும் மட்டும். சூரியனைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் கிடையாது.

மே 14, புதன்

உத்தரவாதத் தாளின் பொடி எழுத்தைப் படித்தேன். 6,000 சுற்று (ஒருமுறை நிரப்பி இறக்குவது ஒரு சுற்று) என்று தலைப்பில் பெரிதாக. 25 டிகிரியில் என்று அடியில் சிறிதாக. நாளுக்கு ஒரு சுற்று என்றாலே பதினாறு ஆண்டு வரும். நாங்களோ மின்வெட்டில் மட்டும் பயன்படுத்தப் போகிறோம். எங்கள் பேட்டரி உழைத்துச் சாகாது. சும்மா இருந்தே கிழடாகும். அதுவும் முழுதாக நிரம்பி, சூட்டில் கிடந்தால் சீக்கிரம்.

ஆகவே பாதி, முக்கால் அளவில் வைத்துவிட்டுப் புயல் அறிவிப்பு வந்தால் நிரப்பலாம். மாதம் ஒருமுறையாவது முழுதாக நிரப்பினால்தான் உள்ளே இருக்கும் செல்கள் சமநிலைக்கு வரும் என்பதும் உண்டு. சிக்கல் என்னவென்றால், சூறைக்காற்று அடிக்கும் சித்திரை, வைகாசிதான் இங்கே உச்ச வெயிலும். நிரப்பியே வைக்க வேண்டிய மாதங்களில்தான் நிரப்பி வைக்கக் கூடாது! இதற்குக் கடையில் விடை இல்லை. ஆசாரத்து வடக்குச் சுவர்தான் விடை.

மே 25, ஞாயிறு

கேரளத்தில் நேற்றே பருவமழை தொடங்கிவிட்டது. 2009க்குப் பிறகு இவ்வளவு முன்னதாக வந்ததில்லையாம். நீலகிரிக்கும் கோவைக்கும் சிவப்பு எச்சரிக்கை. எங்களுக்கு மழை பெயருக்குத்தான். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று மட்டும் குறைவில்லாமல் வீசுகிறது. தகட்டுத் தாங்கியின் போல்ட்டுகளை மாடியேறி முடுக்கிவிட்டாயிற்று.

இடிக்குப் பயந்து பேட்டரிக்கு உறை வாங்கச் சொன்னார் ஒருவர். உறை எதற்கு? தகட்டுப் பக்கம் ஒன்று, வாரியப் பக்கம் ஒன்று என மின்னெழுச்சித் தடுப்பான் (சர்ஜ் புரொடெக்டர்) வேண்டும். அதைவிட முக்கியம் எர்த் குழி. எங்கள் சுக்காங்கல் மண் கோடையில் காய்ந்தால் மின்சாரம் இறங்க மறுக்கும். குழியில் அவ்வப்போது தண்ணீர் ஊற்றும் பொறுப்பை மாமா எடுத்துக்கொண்டார்.

ஜூன் 3, செவ்வாய்

முடிவாகிவிட்டது. இரும்பு பாஸ்பேட், ஐந்து யூனிட். பழைய இன்வெர்ட்டருக்குப் பதில் தகட்டையும் பேட்டரியையும் சேர்த்துக் கையாளும் ஹைபிரிட். வாரிய அலுவலகத்தில் சொல்லிவிட்டுத்தான் மாற்ற வேண்டும். இரண்டாவது பேட்டரி பின்னால் சேர்க்க முடியுமா என்று எழுத்தில் கேட்டிருக்கிறேன். வாய்ப்பேச்சை நம்புவதாக இல்லை.

வியாழக்கிழமை மின்பணியாளர் வந்து பேட்டரி இணைப்புகளைத் தனிப் பெட்டியாகப் பிரிப்பார். விசிறி, விளக்கு, குளிர்பதனப்பெட்டி உள்ளே. மோட்டாரும் கிரைண்டரும் வெளியே. "ஏனுங்க மாமா, டிவி வேண்டுமா?" என்று கேட்டேன். செய்தி பார்க்க மட்டும் போதும் என்றார். அத்தை தொடர்களையும் சேர்த்துக் கணக்குப் போடச் சொல்கிறார்.