ரெண்டாவது கியர்ல ஏறுன கார்கள்

எனக்கு 57 வயசு ஆச்சு, அதுல பாதிக்கு மேல சேலத்துல ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடை கவுண்டர்லயே போயிருச்சு, அதனால எந்த கார் நல்ல கார்னு பசங்க எங்கிட்ட அடிக்கடி கேப்பாங்க. ஹைவேஸ்ல 120ல போறப்ப எல்லா காரும் நல்ல கார்தான். அது என்ன வண்டின்னு தெரியணும்னா மே மாசம் மத்தியானம் வீட்டாளுங்க அஞ்சு பேரையும் லக்கேஜையும் ஏத்திக்கிட்டு அடிவாரத்துல இருந்து ஏற்காடு ஏறிப் பாக்கணும். எங்க ஊர்ல இருந்து 30 கிலோமீட்டர்தான், ஆனா 20 கொண்டை ஊசி, சேலம் இருக்கற உயரத்துல இருந்து ஏறக்குறைய 1200 மீட்டர் மேல போகணும். நான் ஆசைப்பட்ட கார், வாங்குன கார், பாத்துப் பாத்து ஏங்குன கார் எல்லாத்தையும் அந்த ரோட்டுல வச்சுத்தான் எனக்கு ஞாபகம் வருது.

முதல்ல அம்பாசடர். எங்கப்பா ஜங்ஷன் ஸ்டாண்டுல டாக்சி ஓட்டுனவரு, வண்டி ஒரு முதலாளியோடது, மார்க் 2 மாடல். சீசன்ல ஸ்கூல் லீவு விட்டதும் நானும் கூடவே போயிருவேன். கியர் லிவர் ஸ்டியரிங்கை ஒட்டியே இருக்கற கை கியர் வண்டிங்கறதால முன் சீட்டு முழுசா ஒரே சீட்டு, அப்பாவுக்கும் பார்ட்டிக்கும் நடுவுல நான் உக்காந்துக்குவேன். அஸ்தம்பட்டி தாண்டி, மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டுடியோவோட நுழைவாயில் வளைவு தாண்டி, கோரிமேடு போனதுமே முன்னாடி மலை தெரிய ஆரம்பிச்சுரும். அடிவாரத்துல நிறுத்தி ரேடியேட்டர்ல தண்ணி பாத்துட்டு, டிக்கில ஒரு தகர டப்பாவுல தண்ணி ரொப்பிக்கிட்டு, ஸ்டியரிங்கத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டுத்தான் அப்பா எடுப்பாரு.

1489 சிசி இன்ஜின், வண்டி எடை ஒரு டன்னுக்கு மேல, உள்ள ஏழு பேரு. பாதி மலைக்கு மேல ரெண்டாவது கியர்தான், சில திருப்பத்துல முதல் கியருக்கே போகணும். அப்பா மீட்டரைப் பாக்கவே மாட்டாரு. தலையக் கொஞ்சம் சாய்ச்சு வச்சுக்கிட்டு சத்தத்தைக் கேட்டுக்கிட்டே ஓட்டுவாரு. "முக்குது பாரு கண்ணு, இப்ப கேக்குதா, இதுக்கு முன்னாடியே கியர் இறக்கிருக்கணும்"னு எங்கிட்ட சொல்லுவாரு. பத்து வயசுப் பையனுக்கு அது கேக்காது, எல்லாமே ஒரே இரைச்சலாத்தான் இருக்கும். ரெண்டு மூணு சீசன் போனப்புறம் ஒருநாள் டக்குனு கேட்டுச்சு. இன்ஜின் சத்தம் அடித்தொண்டைக்கு இறங்குது, வண்டி லேசா ஒரு உதறல் உதறுது. நான் அப்பா முகத்தைப் பாத்தேன், அவரு கை அதுக்குள்ள கியர்ல இருந்துச்சு. அந்த சந்தோசத்தை எப்படி எழுதறதுன்னே தெரியல.

அந்த வருசமோ அடுத்த வருசமோ, எட்டாவது திருப்பம் தாண்டி வண்டி ரெண்டு தடவை இடிச்சு இடிச்சு நின்னுருச்சு. ஏர் லாக். டிரைவருங்க அப்படித்தான் சொல்லுவாங்க, நெசத்துல பெட்ரோல் ஆவியாகிப் போறதுதான். பழைய வண்டில பியூவல் பம்ப் இன்ஜின் மேலயே போல்ட் போட்டு மாட்டிருப்பாங்க, கீழ சேலம் வெயிலு, வண்டி போறதோ மாட்டு வண்டி வேகம், காத்து உள்ள வராது, இன்ஜின் சூடு மொத்தமும் பம்புல ஏறிரும். லைன்ல இருக்கற பெட்ரோல் கொமிழி கொமிழியா மாறிரும், பம்ப் டயாபிரம் ஆவியத்தான் இழுக்கும், கார்புரேட்டருக்கு சொட்டு பெட்ரோல் போகாது. எங்கப்பா இறங்குனாரு, பின் சக்கரத்துக்குக் கல்லு வச்சாரு, பேனட்டைத் தூக்குனாரு. தோள்ல கெடந்த துண்டை எடுத்து தகர டப்பாத் தண்ணில முக்கி, குழந்தைக்குக் காய்ச்சல் வந்தா நெத்தில ஈரத்துணி போடுவோம் பாருங்க, அதே மாதிரி அந்தப் பம்பைச் சுத்தி மெதுவாப் போத்திவிட்டாரு. புஸ்ஸுனு ஒரு சின்ன ஆவி. அப்புறம் ஒண்ணும் பண்ணல. ஒரு பீடி பத்த வைக்கறதுக்காகத் தூரமா ரோட்டோரம் போயி நின்னுக்கிட்டாரு, பார்ட்டி வீட்டு அம்மா குரங்குக்கு பயந்து கதவு கண்ணாடிய ஏத்திக்கிட்டாங்க, நான் துண்டுல இருந்து சொட்டற தண்ணியவே பாத்துக்கிட்டு நின்னேன். கால் மணி நேரம். திரும்ப வந்து ரெண்டு சுத்து சுத்துனாரு, புடிச்சுக்கிச்சு. அந்தத் துண்டுல பெட்ரோல் வாசமும் கிரீஸ் வாசமும் எத்தனை தடவை துவைச்சாலும் போகாது, எங்கம்மா அதைத் தனியாத்தான் ஊறப் போடுவாங்க.

மேல போனதும் ஏரிக்கிட்ட வண்டிய நிறுத்திட்டு பார்ட்டி சுத்திப் பாக்கப் போயிருவாங்க, எனக்கு நாலு மணி நேரம் வேலையே இல்ல. அப்பத்தான் அந்த ஹெரால்டைப் பாத்தேன். ஸ்டாண்டர்டு ஹெரால்டு, ரெண்டு கதவு, பால்கோவா கலரு, எஸ்டேட் பக்கம் இருந்த ஒரு வயசான டாக்டரம்மாவோட வண்டி. இத்தன வருசத்துல எத்தனையோ கார் பாத்துட்டேன், அதை விட அழகான கார் எனக்கு இன்னும் கண்ணுல படல. டிசைன் பண்ணுனது மிச்செலொட்டினு ஒரு இத்தாலிக்காரர், இங்கிலாந்துல டிரயம்ப் ஹெரால்டுனு வந்தது, அதை நம்ம மெட்ராஸ் பக்கம் வண்டலூர்ல ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனில 1961ல இருந்து செஞ்சாங்க. தமிழ்நாட்டுல பொறந்த கார்ங்க அது, இத நெறைய பேரு மறந்துட்டாங்கங்கறது எனக்கு உண்மையிலயே வருத்தம். அந்த வண்டியோட பேனட் தனியா தூக்கற பேனட் இல்ல, மட்கார்டு லைட்டு எல்லாம் சேந்து முன்னால மொத்தமாக் கவுந்துரும், மெக்கானிக் முன் டயர் மேல உக்காந்துக்கிட்டே வேலை பாக்கலாம். அந்தம்மா ஏரி ரோட்டுல வண்டியத் திருப்புவாங்க பாருங்க, அப்பா நாலு தடவை முன்ன பின்ன எடுக்கற இடத்துல ஒரே வெட்டு, திரும்பிப் போயிட்டே இருப்பாங்க. 25 அடி இடம் போதும் அதுக்கு. மலை ரோட்டுல அது எவ்வளவு பெரிய விசயம்னு ஓட்டுனவங்களுக்குத்தான் தெரியும். ஆனா 948 சிசிதான், இழுவை கம்மி, அம்பாசடர் மாதிரி சுமை தூக்கிட்டு ஏறாது. 1970கள்ல அதுலயே கொஞ்சம் மாத்தி கேசல்னு ஒண்ணு விட்டாங்க, அதுவும் 1977ஓட நின்னு போச்சு. நான் சம்பாதிக்க ஆரம்பிச்சு ஒரு ஹெரால்டு தேடுனப்ப ஸ்பேர் கெடைக்காம வண்டியெல்லாம் காயலான் கடைக்குப் போயிருந்துச்சு. கையில காசு இருந்தும் வாங்க முடியாமப் போன ஒரே கார் அதுதான்.

அப்புறம் ஜீப்பு. நாகலூர் பக்கம் எஸ்டேட்டுல காப்பி எடுப்பு சமயத்துல மூட்டையும் ஆளுமா மழைச் சேத்துல ஏறிட்டு இருக்கும், அந்த ரெண்டாவது சின்ன லிவரை இழுத்து நாலு சக்கரத்துக்கும் பவர் குடுத்தாங்கன்னா போகாத இடம் கெடையாது. மரியாதை உண்டு, ஆனா அது மேல ஆசை வரல. கான்டெசா மேல ஆசை வந்துச்சு, 1984ல வந்த வண்டி, கடைக்கு ஒரு ஜவ்வரிசி மில் முதலாளி கருநீல கான்டெசால வருவாரு, கதவு சாத்தற சத்தத்தைக் கேக்கவே நான் கவுண்டரை விட்டு வெளிய வந்து நிப்பேன்.

நான் முதல்ல வாங்குனது பியட். பிரீமியர் பத்மினினு பேரு, ஆனா சேலத்துல யாரும் பத்மினினு சொல்லி நான் கேட்டதில்ல, பியட்தான். 1979 மாடல், நான் 1996ல வாங்கறப்ப மூணு கை மாறி வந்திருந்துச்சு. 1089 சிசி, இதுவும் கை கியர், ஆனா அம்பாசடர்ல கியர் போடறது பெரிய கதவு தாழ்ப்பாள் போடற மாதிரின்னா பியட்ல அது பேனா மூடிய மூடற மாதிரி. காலைல சோக்கை, அதாவது கார்புரேட்டருக்குப் போற காத்தைக் குறைக்கற குமிழை, இழுத்து ஸ்டார்ட் பண்ணி, இன்ஜின் சூடாகச் சூடாக சோக்கைக் கொஞ்சம் கொஞ்சமா உள்ள விடணும், அவசரப்பட்டா இன்ஜின் நின்னுரும். பாயிண்ட், கண்டென்சர், பிளக் எல்லாம் என் கையாலயே மாத்துவேன், டேப்பட் சத்தம் கேட்டா எந்த சிலிண்டர்னு சொல்லிருவேன். எனக்குப் பிடிச்ச கார் எதுன்னு ஒண்ணே ஒண்ணு சொல்லச் சொன்னா இதைத்தான் சொல்லுவேன்.

ஆனா உயிர் போயித் திரும்பி வந்ததும் அதுலதான். ஒரு பட்டறைல பிரேக் வேலைக்கு விட்டிருந்தேன், நான் கடைல இருந்து நல்ல வீல் சிலிண்டர் கிட் குடுத்தனுப்பியும் அவங்க பழைய ரப்பர் வாஷரையே போட்டு மூடிட்டாங்க, எனக்குத் தெரியாது. மறுவாரம் வீட்டுக்காரியும் பாப்பாவும் பின் சீட்டுல, ஏற்காட்டுல இருந்து இறங்கறோம், பாதி மலைல ஒரு திருப்பத்துக்கு முன்னாடி பெடலை மிதிச்சா அப்படியே தரை வரைக்கும் போகுது. என் வண்டில பிரேக் ஆயிலுக்கு ஒரே லைன்தான், ஒரு சக்கரத்துல ஒழுகுச்சுன்னா நாலு சக்கரத்துலயும் பிரேக் போயிரும். அப்பா தலைப்பாடமாச் சொல்லிக் குடுத்தது ஒண்ணுதான், ஏறுன கியர்லயே இறங்கணும். பெட்ரோல் மிச்சம் பண்றேன்னு நியூட்ரல்ல இறங்கறவனை அவரு ஸ்டாண்டுல வச்சு எல்லார் முன்னாடியும் திட்டிருக்காரு. அன்னைக்கு நான் ரெண்டாவதுல இறங்கிட்டு இருந்ததாலதான் வண்டிய இன்ஜின் புடிச்சு வச்சிருந்துச்சு. பெடலைப் பம்ப் பண்ணிக்கிட்டே ஹேண்ட் பிரேக்கை இழுத்து, பள்ளத்துப் பக்கம் விடாம மலைப் பக்கம் ஒடிச்சு, ஓடைக்குள்ள சக்கரத்தை இறக்கி நிறுத்துனேன். மட்கார்டு நசுங்குச்சு, அவ்வளவுதான். பாப்பா தூங்கிட்டே இருந்தா. நான் இறங்கி ரோட்டுல உக்காந்துட்டேன், கை நடுக்கம் நிக்க அரை மணி நேரம் ஆச்சு.

2003ல மாருதி 800 வாங்குனேன். இது ஸ்டாண்டுக்காரங்களுக்கு அப்பவே பிடிக்காத வண்டி, 1983 கடைசில வந்தப்ப டப்பா, சோப்பு டப்பான்னுவாங்க, அப்பாவும் சொன்னாரு. 796 சிசி, மூணே சிலிண்டரு. ஆனா வண்டி எடையே 650 கிலோ பக்கம்தான், முன் சக்கரம்தான் இழுக்குது, ஏசிய மட்டும் ஆஃப் பண்ணிட்டா சரசரன்னு ஏறிரும். ரேடியேட்டருக்குத் தண்ணி டப்பா வேணாம், பின் சக்கரத்துக்குக் கல்லு வேணாம், ஈரத்துண்டு வேணாம். டிரைவர் வைக்க வசதியில்லாத வாத்தியார், பேங்க் கிளார்க், கொலுசுப் பட்டறைக்காரர் எல்லாம் பொண்டாட்டி புள்ளைங்களக் கூட்டிக்கிட்டு தானே ஓட்டிட்டு மலை ஏறுனது இந்த வண்டி வந்தப்புறம்தான். நான் அதை என் கண்ணால பாத்தவன், அதனால யாராவது 800ஐ மட்டமாப் பேசுனா எனக்குப் பொறுக்காது.

2014 ஜனவரில 800 செய்யறதை நிறுத்துனாங்க, மே மாசம் மேற்கு வங்காளத்துல உத்தர்பாரா பேக்டரில அம்பாசடரையும் நிறுத்திட்டாங்க. டிவில அந்த நியூஸ் ஓடுனப்ப அப்பா சோத்துல கை வச்சிருந்தாரு. "ரெண்டும் ஒரே வருசத்துலயா"ன்னு கேட்டாரு, அப்புறம் சாப்புட்டு எந்திரிச்சுப் போயித் திண்ணைல உக்காந்துட்டாரு.

இப்ப வீட்டுல இருக்கறது ஆட்டோமேட்டிக், பாப்பா வாங்குனது, அவதான் ஓட்டுவா. நல்ல வண்டி, குறை சொல்ல ஒண்ணுமில்ல. போன மாசம் சேர்வராயன் கோயிலுக்குப் போகணும்னு அப்பா கேட்டாரு, 84 வயசு, முட்டி மடக்க முடியலன்னு முன் சீட்டுல உக்கார வச்சோம், நான் பின்னாடி. அடிவாரம் தாண்டுனதும் கண்ணாடிய இறக்கச் சொன்னாரு, ஏசி வேணாம்னுட்டாரு. மூணாவது திருப்பம் இருக்கும், வண்டி தானா கியர் மாத்தறதுக்கு ஒரு நொடி முன்னாடி, முட்டி மேல வச்சிருந்த அவரு இடது கை மெதுவா எந்திரிச்சு ஸ்டியரிங் இருக்கற உயரத்துல ஒண்ணுமில்லாத காத்தைப் புடிச்சு ஒரு தள்ளு தள்ளிட்டுத் திரும்ப முட்டி மேல வந்து உக்காந்துச்சு. அடுத்த திருப்பத்துலயும் அதே. பாப்பா கண்ணாடி வழியா என்னைப் பாத்தா, நான் பேசாத ஓட்டுன்னு தலையாட்டுனேன். இருபதாவது திருப்பம் வரைக்கும் அந்தக் கை ஒரு தடவை கூடத் தப்பா எந்திரிக்கல.