வல்லாளப்பட்டிப் பக்கத்துக் கண்மாயில் விமானம் விட்டோம்

மதுரையில் ரிமோட் விமானம் விடுகிறவர்களுக்கு இடம் கிடைப்பதுதான் பெரும்பாடு. பொட்டலாகக் கிடந்த இடங்களில் எல்லாம் பிளாட் கல் ஊன்றிவிட்டார்கள். மிச்சமிருக்கும் திடலிலும் நடுவே கரண்டுக் கம்பி போகும். ஞாயிற்றுக்கிழமை என்றால் விடிவதற்கு முன்பே கிரிக்கெட் ஆட்கள் இறங்கிவிடுவார்கள். அறுப்பு முடிந்த வயலில் விடலாம் என்றால் வரப்பு சக்கரத்தைப் பிடுங்கிவிடும். இதையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் நானும் மச்சானும் தண்ணீர்ப் பக்கம் திரும்பினோம். கண்மாய்க்கு நடுவே கம்பி கிடையாது, குறுக்கே ஆள் வராது, காற்று எந்தத் திக்கிலிருந்து அடித்தாலும் அதை எதிர்த்து நேராகக் கிளம்பலாம். மார்கழி, தை மாதங்களில் நம் பக்கத்தில் இருப்பதிலேயே நல்ல ஓடுதளம் கண்மாய்த் தண்ணீர்தான் என்பது என் கட்சி.

எந்தக் கண்மாய் என்பதில்தான் யோசனை வேண்டும். ஊருக்குள்ளேயே வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் இருக்கிறது. 1645இல் திருமலை நாயக்கர் வெட்டியது. நடுவில் மைய மண்டபம், நாலு பக்கமும் கல் கட்டு. பார்க்கப் பார்க்க அலுக்காது. ஆனால் அது கோயில் குளம், சுற்றிலும் எந்நேரமும் ஜனம். அங்கே விமானத்தைக் கொண்டுபோகும் எண்ணமே கூடாது. தெற்கே தென்கால், நிலையூர், சாமநத்தம் என்று பெரிய பெரிய கண்மாய்கள் உண்டு. அவையெல்லாம் பெருங்குடி விமான நிலையத்துக்குப் பக்கம். விமான நிலையச் சுற்றுச்சுவரிலிருந்து 8 கிலோமீட்டருக்குள் அனுமதி இல்லாமல் எதையும் பறக்கவிடக் கூடாது. நிஜ விமானம் இறங்குகிற பாதையில் நம் பொம்மைக்கு என்ன வேலை? அதனால் நாங்கள் வடக்கே, அழகர்மலைப் பக்கம் போனோம்.

இருட்டு விலகும் முன்பே புதூரில் இருந்து கிளம்பிவிட்டோம். மச்சான் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். விமானத்தின் மின்சார வேலை எல்லாம் அவர் கை. பத்தாவது படிக்கும் அவர் மகனும் வந்தான். இறக்கையைக் கழற்றிப் பின் சீட்டில் படுக்க வைத்து, காற்றடித்த லாரி ட்யூபை வண்டி மேல் கட்டியாயிற்று. கடச்சனேந்தல் தாண்டியதும் கடைகள் குறைந்து வயல்கள் தொடங்கின. அப்பன்திருப்பதியில் ஒரு டீ. அழகர்கோவிலில் கும்பிட்டுவிட்டு, திரும்பி வரும்போது தோசைப் பிரசாதம் வாங்கிக்கொள்ளலாம் என்று மேலூர்ச் சாலையில் வண்டியை விட்டோம். இடப்பக்கம் மலை கூடவே வருகிறது. வல்லாளப்பட்டியைத் தாண்டி ஒரு மண்பாதையில் இறங்கினால் கண்மாய்க்கரை.

இந்தப் பக்கத்துக்குப் பெரியாற்றுத் தண்ணீர் உண்டு. 1895இல் பென்னிகுவிக் கட்டி முடித்த முல்லைப்பெரியாறு அணையின் தண்ணீர் மலையைக் குடைந்து இந்தப் பக்கம் வந்து, வைகையில் கலந்து, பேரணையில் மறுபடியும் கால்வாயாகப் பிரிந்து மேலூர் வரைக்கும் வருகிறது. அதோடு ஐப்பசி, கார்த்திகை மழையும் சேர்ந்துகொண்டால் மார்கழியில் கண்மாய் கலுங்கு வரை நிற்கும். நாங்கள் போன அன்று அப்படித்தான் நின்றது. உள்வாயில் கருவேல மரங்கள் பாதி உடம்பு தண்ணீருக்குள் நிற்க, கரையோரம் மட்டும் பெரிய திறந்த பரப்பு. மீன் குத்தகைக்காரரிடம் முன்னாடியே கேட்டு வைத்திருந்தோம். வலை போட்டிருந்த மூலையைக் காட்டி, அந்தப் பக்கம் போகாதீர்கள் என்று மட்டும் சொன்னார். நத்தைகுத்தி நாரைகள் ஒரு கூட்டமாக மேற்கே மேய்ந்துகொண்டிருந்தன. அந்தப் பக்கத்தையும் ஒதுக்கிவிட்டோம். பறவை கூட்டமாக இருக்கும் இடத்தில் விமானம் விடக் கூடாது என்பதில் மச்சான் ரொம்பக் கண்டிப்பு.

கரையில் எங்கே நிற்பது என்பது முதல் கேள்வி. காற்று நம் முகத்தைப் பார்த்து அடிக்கிற கரையில் நிற்க வேண்டும். மோட்டார் நின்றுபோனாலும் விமானம் தானாக மிதந்து நம் காலடிக்கு வந்து சேரும். மாற்றி நின்றால் அது போய்க்கொண்டே இருக்கும். அப்போது வாடைக் காற்று, வடகிழக்கிலிருந்து. அதனால் கரையின் தென்கோடியில், படித்துறை மாதிரி கல் பாவிய இடத்தில் சாமான்களை இறக்கினோம்.

விமானத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இறக்கை 1.2 மீட்டர், பேட்டரியோடு எடை 1.1 கிலோ. உடம்பும் இறக்கையும் ஃபோம். சக்கரத்துக்குப் பதிலாக மாட்டிய மிதவைகள் இரண்டும் மச்சான் வீட்டில் செய்தவை. தடிமனான தெர்மாகோலைச் சூடான நைக்ரோம் கம்பியில் அறுத்து, அடிப்பக்கம் சன்பேக் என்கிற பிளாஸ்டிக் ஷீட் ஒட்டி, மேலே டேப் சுற்றியிருக்கிறார். தெர்மாகோலைக் கரைக்காத பசையாகப் பார்த்து ஒட்ட வேண்டும். மிதவைக்குக் கணக்கு இருக்கிறது. இரண்டும் சேர்ந்து முழுக்க முங்கினால் விமானத்தின் எடையைப் போல இரண்டு மடங்கு தண்ணீரைத் தள்ள வேண்டும். 1.1 கிலோ விமானத்துக்கு 2.2 லிட்டர் கொள்ளளவு. நீளம் விமான உடம்பில் முக்கால் பங்குக்குக் குறையக் கூடாது, மூக்கு புரொப்பெல்லரைத் தாண்டி முன்னால் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் வேகமெடுக்கும்போது மிதவை முன்பக்கமாகத் தண்ணீருக்குள் குத்திவிடும்.

இதையெல்லாம் விட முக்கியமானது மிதவையின் அடியில் இருக்கும் படி. மிதவையைத் திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் முன்னிருந்து நேராக வந்து, பாதிக்குச் சற்றுப் பின்னால் அரை அங்குலம் சட்டென்று மேலே ஏறி, அப்புறம் வால் நோக்கிச் சரிந்து போகும். இந்த அரை அங்குலம் இல்லாவிட்டால் பெரிய மோட்டார் வைத்தாலும் விமானம் லேசில் கிளம்பாது. ஈர மேசையில் படுத்திருக்கும் கண்ணாடித் தகட்டை நேராகத் தூக்கிப் பாருங்கள், வரவே வராது. தண்ணீர் மிதவையையும் அப்படித்தான் பிடித்து வைத்திருக்கிறது. வேகம் கூடும்போது படியின் பின்னால் காற்று புகுந்து அந்தப் பிடியை உடைக்கிறது. பின்பாதி தண்ணீரை விட்டு விலகிவிட, படிக்கு முன்னால் இருக்கும் சின்னப் பரப்பு மட்டும் தண்ணீர் மேல் வழுக்கிக்கொண்டு ஓடும். படி விமானத்தின் எடை மையத்துக்கு நேர் கீழேயோ கொஞ்சம் பின்னாலோ இருக்க வேண்டும். ரொம்பப் பின்னால் போனால் மூக்கைத் தூக்க முடியாது. முன்னால் வந்தால் ஓடும்போது மூக்கு மேலும் கீழும் குதிக்க ஆரம்பித்துவிடும்.

மச்சான் ரிமோட் சிக்னலை வாங்கும் ரிசீவரை ஒரு பலூனுக்குள் போட்டு வாயைக் கட்டினார். மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஸ்பீடு கண்ட்ரோலர் போர்டுக்குத் தண்ணீர் புகாமல் நகப்பாலிஷ் பூசியிருந்தார். பையன் பேட்டரியைச் செருகி மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டர், பக்கவாட்டில் திருப்பும் ரட்டர் எல்லாவற்றையும் ஆட்டிப் பார்த்தான். “மாமா, நீங்க விடுங்க” என்று விமானத்தை என் பக்கம் நீட்டினான். முழங்கால் தண்ணீரில் இறங்கி வைத்தேன்.

தண்ணீர் அப்போது கண்ணாடி. புதிதாக வருகிறவர்கள் இதுதான் நல்ல நேரம் என்று நினைப்பார்கள். உண்மையில் அசையாத தண்ணீர்தான் விமானத்தை விடாமல் பிடிக்கும். சின்ன அலை இருந்தால் மிதவைக்கு அடியில் காற்று நுழைய வழி கிடைக்கிறது. கொஞ்ச நேரம் அங்கும் இங்கும் படகு மாதிரி ஓட்டிக்கொண்டிருந்தோம். வெயில் ஏற ஏற வாடை மெல்லத் தட்டியது, தண்ணீரில் சுருக்கம் விழுந்தது. மச்சான் தலையாட்டினார்.

காற்றுக்கு எதிரே திருப்பி, எலிவேட்டரை முழுக்க மேலே பிடித்து, மோட்டார் வேகத்தைக் கூட்டும் த்ராட்டிலை ஏற்றினேன். முதலில் வால் அமுங்கி மூக்கு நிமிர்ந்து, இரண்டு பக்கமும் தண்ணீர் கிழிகிறது. மோட்டார் அலறுகிறது, விமானம் கனமாக இழுத்துக்கொண்டு போகிறது. இந்த இடத்தில் ஸ்டிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். அப்படிக் கொண்டுவரும்போது ஒரு நொடியில் எல்லாம் மாறுகிறது. விமானம் படியில் ஏறிவிடுகிறது. பின்னால் தெறித்த நுரை மெலிந்து இரண்டு கோடுகளாகிறது, சத்தமே வேறாகிறது, வேகம் சட்டென்று கூடுகிறது. அப்புறம் விரல் நுனியில் ஒரு சின்ன இழுப்பு. இரண்டு கோடுகளும் அறுந்து, சொட்டிக்கொண்டே மேலே போனது. தரையிலிருந்து எத்தனையோ முறை விமானம் விட்டிருக்கிறேன். தண்ணீர் விமானத்தைக் கையிலிருந்து விடுவிக்கிற அந்த நொடி அதில் கிடையாது. இதற்காகத்தான் இத்தனை பாடும்.

கரையில் தூண்டிலோடு உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் எழுந்து பக்கத்தில் வந்துவிட்டார். “ஏந்தம்பி, நெசமாவே ஆளு ஏறிப்போற பிளேனும் இப்படித் தண்ணில எறங்குமா?”

“எறங்கும்ங்கய்யா. போடி வழியா மூணாறு போனா மாட்டுப்பட்டி அணை இருக்குல்ல, 2024 நவம்பர்ல கொச்சியிலேருந்து வந்து அங்கயே எறங்குச்சு” என்றார் மச்சான்.

அது ட்வின் ஆட்டர் என்கிற கனடா நாட்டு விமானம், சோதனைப் பயணமாக வந்தது. சென்னைக்கு வடக்கே செங்குன்றம் ஏரியில் இரண்டாம் உலகப் போர் சமயத்தில் பிரிட்டிஷ் விமானப்படையின் கேட்டலினா விமானங்கள் நின்றன என்பதையும் சொன்னேன். ஒவ்வொன்றின் இறக்கையும் 104 அடி. அடிவயிறே படகாக இருக்கும், வங்காள விரிகுடா மேல் ரோந்து போய்விட்டு வந்து ஏரியில் இறங்கும். பெரியவர் இந்தக் கண்மாயின் அகலத்தை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். “இது பத்தாது” என்றார். சரிதான்.

பையனுக்கு ஹென்றி ஃபாப்ரின் கதை ரொம்பப் பிடிக்கும், பெரியவருக்கு அதை அவனே சொன்னான். 1910 மார்ச் 28, தெற்கு பிரான்சில் மார்செய் பக்கத்து உப்பங்கழி ஒன்றில் முதன்முதலாக ஒரு விமானம் தன் மோட்டார் பலத்திலேயே தண்ணீரிலிருந்து எழுந்தது. அதைச் செய்து ஓட்டிய ஃபாப்ர் அதற்கு முன் விமானமே ஓட்டியதில்லை.

இறக்குவதுதான் பொறுமைக்கான வேலை. தண்ணீர் மட்டமாக இருந்தால் விமானம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. மேலே ஒன்று, கீழே அதன் நிழல் ஒன்று என்று இரண்டு விமானம் தெரியும். அதனால் தண்ணீரைப் பார்க்காமல் கரையோரக் கோரையை வைத்து உயரத்தைக் கணக்குப் பண்ண வேண்டும். மோட்டாரை அணைத்துவிடாமல் கொஞ்சம் த்ராட்டிலோடு, மூக்கு லேசாகத் தூக்கிய நிலையில், தானாகத் தண்ணீரைத் தொடும்வரை விட வேண்டும். தொட்டதும் சர்ரென்று ஒரு சத்தம், கொஞ்ச தூரம் வழுக்கல், அப்புறம் பொத்தென்று உட்கார்ந்து மறுபடியும் படகாகிவிடும்.

நன்றாக வெயில் ஏறிய பிறகு காற்று ஒழுங்கில்லாமல் வீசத் தொடங்கியது. மச்சான் கரைக்குக் கொண்டுவந்துகொண்டிருக்கும்போது பக்கவாட்டில் ஒரு வீச்சு. ஒரு இறக்கை தூக்கி, மறு இறக்கை தண்ணீரில் மாட்டி, விமானம் மல்லாந்துவிட்டது. மிதவைகள் இரண்டும் வானத்தைப் பார்த்தன. ரிசீவர் தண்ணீருக்குள் போனால் ரேடியோ அலை அதை எட்டாது, 2.4 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் தண்ணீரைத் துளைக்காது. அதனால் சிக்னல் போனதும் மோட்டார் நிற்கும்படி முன்பே அமைத்து வைத்திருக்க வேண்டும். எங்களுடையது நின்றது. காற்று மெதுவாகக் கரைப் பக்கம் தள்ளிக்கொண்டு வந்தாலும் நடுவில் ஆகாயத்தாமரைத் திட்டில் மாட்டிக்கொண்டது. பையன் ட்யூபைத் தேடுவதற்குள் பெரியவர் அதில் ஏறிவிட்டார். இரண்டு கையாலும் துடுப்புப் போட்டுப் போய், கொடிகளை ஒவ்வொன்றாக விலக்கி, இறக்கையைப் பிடிக்காமல் மிதவையைப் பிடித்து மடியில் தூக்கி வைத்துக்கொண்டு திரும்பினார். எங்கே பிடித்தால் ஒடியாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

முதல் வேலை பேட்டரியைக் கழற்றுவது. ரிசீவர் பலூனுக்குள் காய்ந்தே இருந்தது. எலிவேட்டரையும் ரட்டரையும் ஆட்டும் சர்வோ மோட்டார்களை மட்டும் வெயிலில் வைத்தோம். கடல் தண்ணீர் என்றால் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவாமல் விட முடியாது, உப்பு செம்பைத் தின்றுவிடும். கண்மாய்த் தண்ணீரில் அந்தத் தொல்லை இல்லை. கொஞ்ச நேரத்தில் எல்லாம் வேலை செய்தது. அடுத்து பெரியவர் கையிலேயே டிரான்ஸ்மிட்டரைக் கொடுத்து, மச்சான் பக்கத்தில் நின்று, படகாக மட்டும் ஓட்டவிட்டார். தூண்டில் கரையிலேயே கிடந்தது.

போக நினைக்கிறவர்களுக்குச் சில விஷயங்கள். ஆடிக்காற்றில் இது வேலைக்காகாது. தையில் பாதிக்கு மேல் போனால் பாசனத்துக்குத் திறந்து தண்ணீர் இறங்கியிருக்கும், கருவேலங்குச்சிகள் தலைகாட்டும். காலை பத்து மணிக்குள் முடித்துவிடுவது நல்லது. குத்தகைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இறங்காதீர்கள், அவர் முதல் போட்டிருக்கிறார். நீச்சல் தெரிந்தவர் ஒருவரும் ட்யூபும் கட்டாயம். ஊதிப்போன பேட்டரியையும் உடைந்த தெர்மாகோலையும் கரையில் விட்டுவராதீர்கள். மச்சான் இப்போது மிதவை இல்லாத, அடிவயிறே படகாக இருக்கும் ஒரு விமானத்துக்குத் தெர்மாகோல் அறுத்துக்கொண்டிருக்கிறார். படியை அதில் எங்கே வைப்பது என்று எங்கள் இருவருக்கும் இன்னும் வாக்குவாதம் நடக்கிறது.