சி பிளாக், முதல் மாடி

மே 2
ஏ பிளாக்கும் பி பிளாக்கும் இடித்துத் தரைமட்டம். நாங்கள் குடியிருந்த சி மட்டும் பாக்கி. வாட்ச்மேன் அண்ணன் பத்து நாள் என்கிறார்.

மே 4
கத்திரி ஆரம்பம். ஆறு மணிக்கே போய்விட்டேன். சுவரில் டிரேசிங் பேப்பரை ஒட்டி, மெழுகுப் பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தேன். சின்ன வயதில் காகிதத்துக்கு அடியில் எட்டணா வைத்துத் தேய்ப்போமே, அதேதான். சுவிட்ச் போர்டு, ஜன்னல் கொக்கி, மூன்று ஆணிகள் எல்லாம் வந்துவிட்டன. மூன்றாவது ஆணி எதற்கென்று ஞாபகமில்லை.

அப்பா தலை சாய்த்த இடம் மட்டும் வரவில்லை. எண்ணெய்க் கறை. மேடா பள்ளமா, பென்சிலுக்குத் தட்ட?

மே 5
வெயில். போகவில்லை.

மே 6
"சுவத்தப் போயி காப்பி எடுக்கறியே, இன்னாத்துக்கு?" என்றாள் அம்மா. டோ ஹோ சூ என்ற கொரியக் கலைஞர் நியூயார்க்கில் தான் குடியிருந்த வீட்டை இப்படித்தான் கலர் பென்சிலால் தேய்த்து எடுத்தார் என்றேன். அசையவில்லை. லண்டன் கதையைச் சொன்னேன். 1993-இல் ரேச்சல் வைட்ரீட் என்ற சிற்பி ஒரு பழைய வீட்டுக்குள் கான்கிரீட் அடித்து, சுவர்களை உரித்து, உள்ளே இருந்த வெற்றிடத்தையே வீடாக நிறுத்தினார். 1994 ஜனவரியில் அதையும் இடித்துவிட்டார்கள்.

"அதுக்கும் பட்டா இல்லியா?"

மே 7
சி-4 அத்தை போன் பண்ணினார். உரல் போட்டிருந்த இடத்தில் தரை குழிந்திருக்குமாம், அதை எடுத்துவரச் சொன்னார். எடுத்தேன். நடுவில் வெள்ளையாக ஒரு வட்டம், சுற்றிலும் விரிசல். இதுவரை எடுத்ததில் இதுதான் உருப்படி.

மே 8
உதிர்ந்த சுண்ணாம்புச் சில்லு ஒன்றை நகத்தால் பிரித்தேன். மேலே ரோஸ், அக்கா கல்யாணத்துக்கு அடித்தது. அடியில் பிஸ்தா. அதற்கும் அடியில் அப்பா பிடிவாதமாக அடித்த நீலம். ஏழு வரை எண்ணினேன், பொடியாகிவிட்டது.

கறை.

மே 9
ராத்திரி இரண்டு மணிக்கு அம்மா எழுந்து, "மோட்டார் போட்டாச்சா? கொடத்த வரிசையில வச்சியா?" இப்போது இருக்கும் வீட்டில் இருபத்து நாலு மணி நேரமும் தண்ணீர் வருகிறது. விடிந்ததும், "ஜலகண்டேஸ்வரரே சத்துவாச்சாரில கெடந்துட்டு கோட்டைக்குத் திரும்பல? நம்ம போவ மாட்டமா?"

வேலூர்க் கோட்டைக் கோயிலுக்குச் சாமி திரும்பியது 1981-இல். அவர் கோயிலை யாரும் இடித்திருக்கவில்லை.

மே 10
இஸ்திரிக்கார அண்ணனிடம் கரிப்பெட்டியை வாங்கிக்கொண்டு போனேன். கறைமேல் வெள்ளைத் தாளை வைத்து அழுத்தினேன். சட்டை நனைந்து பிழிகிற மாதிரி ஆகிவிட்டது. தாளை ஜன்னலில் பிடித்துப் பார்த்தால், உள்ளங்கையளவு, பஜ்ஜி மடித்த பேப்பர் மாதிரி. அம்மாவிடம் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது அவரு தலையா, இல்ல நீ எதுனா துன்னதா?"

தாளைத் திருப்பித் தரவில்லை.

மே 11
சமையலறை பாக்கி. பென்சில் தீர்ந்துவிட்டது, கறுப்பு மட்டும்